பேஸ் கிட்டார் கோடையில் கரகரக்கிறது, ஆலயத்தில் இரைகிறது: விற்றுவிடலாமா?

வாலாஜாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சபைப் பாடகர் குழுவில் பேஸ் வாசிப்பவர். போன டிசம்பரில், கேரல் ரவுண்ட்ஸுக்கு முன்னால், சென்னையில் ஒருவரிடம் பழைய நான்கு கம்பி பேஸ் ஒன்று வாங்கினார். வாங்கியபோது நன்றாகத்தான் பேசியது. மே மாதம் வந்ததும் முதல் நாலைந்து ஃப்ரெட்டுகளில் (விரல் வைக்கும் பலகையில் பதித்த உலோகக் குறுக்குப் பட்டைகளில்) கம்பி இடித்துக் கரகரக்கிறது. ஆலயத்தில் செருகினால் 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல் வேறு. இதை விற்றுவிட்டு ஐந்து கம்பி பேஸ் வாங்கலாமா என்று கேட்கிறார்.

விற்க வேண்டாம் தம்பி. கரகரப்பு நம்மூர் வெயில் கொடுத்தது. இரைச்சலில் பாதிக்கு மேல் ஆலயத்தின் ஒயரிங்கிலிருந்து வருவதாக இருக்கும். புது பேஸ் வந்தாலும் அதே வெயிலில், அதே பிளக் பாயின்ட்டில்தான் வாழப்போகிறது. நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு இருபது வருடத்துக்கு மேலாக ஆலயத்திலும் மெல்லிசைக் குழுக்களிலும் வாசித்து வருகிறேன். பேஸுக்கென்றே கடை போட்டு உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்காரர் யாரையும் இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை. அதனால் நம் கருவியை நாமே சரிசெய்யக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கஷ்டமில்லை, வரிசை மாறாமல் செய்தால் போதும்.

முதலில் நெக்குக்குள், அதாவது பேஸின் நீண்ட கழுத்துக்குள், என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். 1951இல் ஃபெண்டர் கம்பெனி பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது கம்பியின் நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு. அவ்வளவு நீளத்தில் நான்கு தடித்த கம்பிகள் சுருதியில் நிற்கும்போது, மொத்த இழுவை சுமார் 70 முதல் 85 கிலோ. ஒரு பெரிய அரிசி மூட்டையை இரவும் பகலும் அந்த மெல்லிய மரம் தாங்கிக்கொண்டிருக்கிறது. தாங்குவதற்குத் துணையாக நெக்குக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதுதான் டிரஸ் ராட். கம்பிகள் நெக்கை முன்னால் வளைக்கப் பார்க்கும், டிரஸ் ராட் அதை எதிர்த்துப் பின்னால் இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் நெக் நிற்கிறது.

இந்தச் சமநிலையைக் குலைப்பது ஈரப்பதம். டிசம்பரில் சென்னையின் கடற்காற்றில் இருந்த மரம், மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் காற்றில் காய்கிறது. கிட்டாருக்குப் பிடித்தது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். அக்னி நட்சத்திரத்து மதியத்தில் நம்மூரில் அது அதைவிட வெகுவாகக் கீழே இறங்கிவிடும். நெக் பெரும்பாலும் மேப்பிள், அதன் மேல் ஒட்டிய ஃப்ரெட்போர்டு பெரும்பாலும் ஈட்டி மரம். இரண்டும் ஒரே மாதிரிச் சுருங்குவதில்லை, அதனால் நெக் அசைகிறது. எந்தப் பக்கம் அசையும் என்பது மரத்துக்கு மரம் மாறும். உங்கள் நெக் எந்தப் பக்கம் போனது என்பதை, நீங்கள் சொன்ன ஒரு வரியே காட்டிக்கொடுக்கிறது. முதல் ஐந்து ஃப்ரெட்டில் மட்டும் கரகரப்பு என்றால், நெக் அளவுக்கு மேல் நேராகிவிட்டது, அல்லது பின்னால் வளைந்துவிட்டது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் மட்டும் கரகரத்தால் நெக் முன்னால் அதிகமாக வளைந்திருக்கலாம். எல்லா இடத்திலும் என்றால் கம்பி உயரம் குறைவு. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அந்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. எங்கும் விரல் வைக்காமல் திறந்து மீட்டும்போது மட்டும் கரகரத்தால் நட்டின் (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சின்னத் துண்டின்) பள்ளம் தேய்ந்துவிட்டது.

இப்போது அளந்து பார்க்கலாம். பேஸைச் சுருதி சேர்த்து, வாசிக்கும் நிலையிலேயே மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் இடது கையால் அழுத்துங்கள், கடைசி ஃப்ரெட்டில் வலது கை விரலால் அழுத்துங்கள். நடுவில் இழுத்துக் கட்டிய கம்பியே உங்களுக்கு ஸ்கேல். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கத்தில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். சுமார் 0.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு உரசாமல் நுழைகிற அளவு. துல்லியமாக வேண்டுமானால் டூவீலர் மெக்கானிக்கிடம் ஃபில்லர் கேஜ் கேளுங்கள், டேப்பெட் செட் செய்ய அவர் வைத்திருப்பார். அதில் 0.30 தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேஸில் இடைவெளியே இருக்காது என்று நினைக்கிறேன்.

டிரஸ் ராட் திருகு தலைப்பக்கம் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும், சில பேஸ்களில் நெக்கின் அடிப்பக்கம் இருக்கும். வலப்பக்கம் திருப்பினால் நெக் நேராகும், இடப்பக்கம் திருப்பினால் தளர்ந்து முன்னால் வளையும். உங்களுக்குத் தேவை இடப்பக்கம். கால் சுற்று மட்டும் திருப்புங்கள். மறுபடி சுருதி சேருங்கள், ஒரு மணி நேரம் விடுங்கள், மறுபடி அளந்து பாருங்கள். போதவில்லையா, இன்னொரு கால் சுற்று. ஒரே நாளில் அரைச் சுற்றுக்கு மேல் போக வேண்டாம், மரம் நிதானமாகத்தான் உட்காரும்.

இங்கே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இந்தத் திருகைத் திருப்பும் ஆறு பக்கச் சாவியான ஆலன் கீ அமெரிக்க பேஸ்களில் பெரும்பாலும் அங்குல அளவு, ஆசியாவில் செய்தவற்றில் பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவு. ஏறக்குறையப் பொருந்துகிற கீயைப் போட்டுத் திருகினால் திருகின் உட்புறம் வழுக்கி உருண்டையாகிவிடும். அதற்கப்புறம் அந்த நெக்கை யாராலும் எளிதில் சரிசெய்ய முடியாது. என் முதல் பேஸ் அப்படித்தான் போனது. வேறொருவர் கையில் கொடுத்தேன், கையில் இருந்த கீயை அடித்து இறக்கித் திருகினார். சின்ன வேலைதானே என்று நான் பக்கத்தில் நிற்காமல் டீ குடிக்கப் போயிருந்தேன். இன்றும் அதை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது. கீ ஆடாமல் உட்கார வேண்டும். திருகு அசையவே மாட்டேன் என்றால் பலம் போடாமல் அப்படியே நிறுத்திவிடுங்கள்.

நெக் சரியான பிறகுதான் கம்பி உயரத்தைத் தொட வேண்டும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஈ கம்பிக்குக் கீழே சுமார் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய ஜி கம்பிக்குக் கீழே 2 மில்லிமீட்டர் என்று வைத்துத் தொடங்குங்கள். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜில், ஒவ்வொரு கம்பிக்கும் கீழே உள்ள சேடில் திருகுகளால் ஏற்றி இறக்கலாம். நிறையப் பேர் நெக்கைப் பார்க்காமல் நேராகச் சேடிலை ஏற்றிவிடுகிறார்கள். கரகரப்பு நிற்கும், ஆனால் கம்பி மலை மாதிரி உயர்ந்து விரல் நோகும். உங்கள் பேஸில் யாராவது ஏற்கெனவே அப்படிச் செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கடைசியாக இன்டொனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போனாலும் சுருதி பிசகாமல் இருப்பது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை இலேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் ஸ்வரத்தையும் டியூனரில் பாருங்கள். அழுத்திய ஸ்வரம் கூடுதலாக இருந்தால் சேடிலைப் பின்னால் நகர்த்துங்கள், குறைந்தால் முன்னால். செல்போன் மைக் அடிக் கம்பியைச் சரியாகப் பிடிக்காது. பேஸின் தலைப்பக்கத்தில் மாட்டும் கிளிப் டியூனர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதிலும் ஈ கம்பிக்குப் பன்னிரண்டாம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை எழுப்பிப் பார்த்தால் முள் ஆடாமல் நிற்கும்.

இதெல்லாம் செய்த பிறகும் ஆலயத்தில் மட்டும் கரகரக்கிறது, வீட்டில் இல்லை என்றால், குற்றம் உங்கள் வலது கையில் இருக்கலாம். பாடகர் குழுவும் கீபோர்டும் சேர்ந்து முழங்கும்போது நம் சத்தம் நமக்கே கேட்பதில்லை, உடனே விரல் ஓங்கிவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைத்துக் கால் முட்டிக்குக் கேட்கவைத்தால் காதுக்கு எப்படிக் கேட்கும்? ஒரு நாற்காலி மேல் ஏற்றி, காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். வால்யூமைக் கூட்டி விரலை மெதுவாக்குங்கள். பாதிக் கரகரப்பு அங்கேயே நின்றுவிடும். கூடவே தொனியும் உருண்டு வரும்.

இனி இரைச்சல். இந்த விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது.

நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் இருக்கும் ஜி 49 ஹெர்ட்ஸ். இரைச்சல் இருக்கும்போது அந்த ஜி-யை நீட்டி வாசித்துப் பாருங்கள், விநாடிக்கு ஒரு முறை சத்தம் அலையலையாக ஏறி இறங்கும். திறந்த ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ், அது மின்சாரத்தின் இரட்டிப்பான நூறை ஒட்டி நிற்கிறது. பேஸ் வாசிக்கும் எல்லைக்குள்ளேயே கரன்ட்டின் சுருதியும் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இரைச்சலை ஈக்வலைசரில் வெட்டப் பார்த்தால் உங்கள் ஸ்வரமும் சேர்ந்து போய்விடுகிறது. மூலத்தில்தான் நிறுத்த வேண்டும்.

முதல் சோதனை: கம்பியைக் கையால் தொட்டால் இரைச்சல் குறைகிறதா, கூடுகிறதா? குறைந்தால் பேஸின் உள் எர்த் வேலை செய்கிறது, வெளியிலிருந்து வரும் இரைச்சலைத்தான் அது பிடிக்கிறது. உங்கள் பேஸில் ஜாஸ் பேஸ் மாதிரி இரண்டு நேரான பிக்கப்கள் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தக் கட்டைகள்) இருந்தால் இரண்டு வால்யூமையும் சமமாக முழுதாகத் திறந்து பாருங்கள். இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது தின்றுவிடும். ஒன்றை மட்டும் திறந்தால் இரையும், அது அந்த வகையின் இயல்பு. பிரிசிஷன் வகையில் 1957 முதல் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்துவைத்தார்கள், அதில் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம் ஆலயத்து விசிறிகள். பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் கரன்ட்டை வெட்டி வெட்டி அனுப்புவதால் 'ட்ர்ர்' என்று கூரான இரைச்சல் கிளம்பும். விசிறியை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் திருடன் அகப்பட்டான்.

தொட்டால் இரைச்சல் கூடுகிறதா? அப்படியானால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கலாம், அல்லது கேபிள் செருகும் ஜாக்கில் ஒயர் மாறியிருக்கலாம். ஜாக்கின் நட் தளர்ந்து சுற்றும்போது உள்ளே ஒயர் முறுக்கி அறுவது நிறைய நடக்கிறது. பக்கத்து டிவி மெக்கானிக்கே ஐந்து நிமிடத்தில் பற்றவைத்துக் கொடுப்பார். நல்ல ஜாக்கும், வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரும் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். கர்ரக்கென்று ஒலிக்கும் வால்யூம் குமிழுக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை சுற்றினால் போதும்.

இரண்டாவது சோதனையைத் தவறவிடாதீர்கள். கரன்ட் டெஸ்டரைக் கம்பியின் மேல் வைத்துப் பாருங்கள், மைக்கின் வலைத்தலையிலும் வையுங்கள். விளக்கு எரிந்தால் வாசிக்க வேண்டாம். பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. ஆம்ப்ளிஃபயர் ஒரு லைனிலும் மிக்ஸர் இன்னொரு லைனிலும் இருந்து, ஒன்றில் எர்த் இல்லை என்றால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும்போது கரன்ட் உங்கள் உடம்பு வழியாகப் பாயும். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவில், வைகாசி மாதம், ஜெனரேட்டரில் ஓடிய மேடையில் எனக்கு அது நடந்தது. கோரஸ் பாடக் குனிந்தேன், உதட்டில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. நல்லவேளை, அதோடு போனது. ஜெனரேட்டருக்கு எர்த் கம்பியே அடித்திருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து டெஸ்டர் என் கிக் பேக்கில் (பேஸ் வைக்கும் உறையில்) டியூனருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இரைச்சல் நிற்கிறது என்பதற்காக மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை, அதாவது எர்த் முள்ளை, உடைத்துவிடும் வழக்கம் சில மேடைகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், யாராவது செய்தாலும் தடுங்கள். ஆம்ப்ளிஃபயரையும் மிக்ஸரையும் ஒரே எர்த் உள்ள ஒரே பாயின்ட்டிலிருந்து எடுங்கள். அப்படியும் இரைந்தால் பேஸுக்கும் மிக்ஸருக்கும் நடுவே ஒரு டி.ஐ. பாக்ஸ் (பேஸ் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) போட்டு, அதில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். சிக்னலின் எர்த் மட்டும் பிரியும், கரன்ட்டின் எர்த் அப்படியே காவலுக்கு இருக்கும். ஆலயக் கமிட்டியிடம் பேசி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். பாடகர் குழுப் பிள்ளைகள் எல்லோரும் அதே மைக்கைத்தான் பிடிக்கிறார்கள்.

உங்கள் பேஸ் ஆக்டிவ் வகையா என்று நீங்கள் சொல்லவில்லை. பின்னால் 9 வோல்ட் பேட்டரிக்கு ஒரு பெட்டி இருந்தால் ஆக்டிவ். அதில் கேபிளைச் செருகியதுமே பேட்டரி ஓட ஆரம்பிக்கும், வாசிக்காவிட்டாலும் தீரும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். சத்தம் மங்கி, உடைந்த மாதிரி வந்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

கம்பிகளைப் பற்றி. நம்மூர் வியர்வையில் இருக்கும் உப்புக்கு ரவுண்ட்வவுண்டு கம்பி (மேலே உருண்டையான இழை சுற்றியது) சீக்கிரம் மங்கிவிடும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் மேலும் கீழும் துடைத்தால் ஆயுள் இரண்டு பங்காகும், இது என் அனுபவம். கம்பியைக் கழற்றிக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுக்கும் பழக்கமும் உண்டு. அழுக்கும் பிசுக்கும் போய்ச் சில வாரங்களுக்குப் பளிச்சென்று பேசும், நன்றாகக் காயவைக்காவிட்டால் துருப்பிடிக்கும். என்னைக் கேட்டால் கீர்த்தனைகளுக்கும் பழைய சினிமாப் பாட்டுகளுக்கும் ஃப்ளாட்வவுண்டு (மேலே தட்டையான இழை சுற்றியது) போடுங்கள். அமெரிக்காவின் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனிப் பாட்டுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது அந்த வகைக் கம்பியில்தான். விலை கூடுதல், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும், விரல் உரசும் சத்தம் வராது, ஃப்ரெட்டும் அதிகம் தேயாது. மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள், நான்கையும் ஒரேயடியாக அவிழ்த்தால் நெக்கின் சமநிலை குலையும். நுனியை வெட்டும் முன் கம்பியை நன்றாக மடித்துவிட்டு வெட்டுங்கள், இல்லையென்றால் மேல் சுற்று உள்ளே நழுவிக் கம்பி செத்துவிடும். கம்பி வகையோ தடிமனோ மாறினால் இழுவையும் மாறும், மேலே சொன்ன அளவுகளையெல்லாம் திரும்பப் பாருங்கள்.

ராத்திரியில் கம்பியைத் தளர்த்திவைக்கச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. பேஸுக்கு அது வேண்டாம். டிரஸ் ராட் எதிர்த்து இழுக்க ஓர் இழுவை இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

வைக்கும் இடம்தான் முக்கியம். ஷீட் கூரை போட்ட மாடி அறையிலும், மேற்கு வெயில் அடிக்கும் சுவர் ஓரத்திலும், நிறுத்தி வைத்த காரிலும் பேஸை விடாதீர்கள். வீட்டின் நடு அறையில் உள்சுவர் ஓரமாக, கிக் பேக்குக்குள் வைப்பது நல்லது. கோடையில் ஃப்ரெட் நுனிகள் விரலைக் கீறுவதைக் கவனித்தீர்களா? ஃப்ரெட் வளரவில்லை, மரம் சுருங்கியிருக்கிறது. ஈட்டி மர ஃப்ரெட்போர்டு வெளுத்துக் காய்ந்து தெரிந்தால் லெமன் ஆயிலை இரண்டு சொட்டு துணியில் விட்டுத் தேய்த்து, பத்து நிமிடத்தில் துடைத்துவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்கேறி அழுக்கைப் பிடிக்கும். வார்னிஷ் போட்ட மேப்பிள் ஃப்ரெட்போர்டுக்கு எந்த எண்ணெயும் தேவையில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் உங்களுக்கும் இருப்பார். ஷூ பெட்டியில் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து கேட்டு வாங்கிக் கிக் பேக்கில் போடுங்கள். கோடையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

அதே சொந்தக்காரரிடம் தோல் துண்டு ஒன்றும் கேளுங்கள். பேஸ் நான்கு கிலோ எடை. இரண்டு அங்குல நைலான் ஸ்ட்ராப்பில் இரண்டு மணி நேர ஆராதனை வாசித்தால் தோள் இறுகிப்போகும். மூன்றரை அங்குல அகலத் தோலில் ஒன்று தைத்துக்கொண்டேன், பத்து வருடமாக அதுதான்.

டிரஸ் ராடை எந்தத் தேதியில், எந்தப் பக்கம், எத்தனை கால் சுற்று திருப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏப்ரலில் ஒரு முறை, மழை பிடித்ததும் ஒரு முறை அளந்து பாருங்கள். இரண்டு வருடம் எழுதினால், உங்கள் நெக் நம்மூரில் எப்படி மூச்சு விடுகிறது என்று பிடிபட்டுவிடும்.

ஐந்து கம்பி ஆசைக்கு வருகிறேன். ஐந்தாவது பி கம்பியின் அடிச்சுருதி சுமார் 31 ஹெர்ட்ஸ். ஆலயத்தில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டிகள் பலவும் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் சரிந்துவிடுபவை. நம் ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸே அதில் நேராகக் கேட்பதில்லை, 82, 123 என்று அதன் மேல் ஸ்வரங்களை வைத்துக் காதுதான் அடியை நிரப்பிக்கொள்கிறது. பி-க்குச் செலவு செய்வதானால் முதலில் பெட்டிக்குச் செய்ய வேண்டும். உங்களுக்குக் கீழ் ஸ்வரம் தேவைப்படுவது இரண்டு கட்டை, இரண்டரைக் கட்டைப் பாட்டுகளுக்குத்தான் என்றால், ஈ கம்பியை டி-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் ஃப்ரெட்டில் இருந்த ஜி ஐந்தாம் ஃப்ரெட்டுக்குப் போய்விடும், அந்தக் கம்பியில் மற்ற ஸ்வரங்களும் இரண்டு ஃப்ரெட் மேலே நகரும். வீட்டில் ஒரு வாரம் அப்படியே பழகிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வாசித்துப் பாருங்கள்.